200 பவுண்டு நேர்காணல் பயிற்சி: மூன்றாவது வகுப்புக்கு மட்டும் போங்கள்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். மதிப்புரை வாசிக்கும்போது கடைசி வரிக்கு ஓடிப்போய் மதிப்பெண் தேடுகிற ஆள் நான். ஐந்துக்கு மூன்றரை. அதில் மூன்று, மூன்றாவது வகுப்புக்கு. மீதி அரை, அவர்கள் அனுப்பிய முதல் மின்னஞ்சலுக்கு.

இடத்தின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன். இரண்டே பேர் நடத்தும் சின்ன இடம், அவர்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போட மனமில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஒரு காபிக் கடைக்கு மேலே மாடி. ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது கடினம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதும் எழுதுவதும் கடினம்) என்று மூளை வேறு மாதிரி வேலை செய்பவர்களை வேலை நேர்காணலுக்குத் தயார் செய்வதுதான் தொழில். ஒரு வகுப்பு 50 நிமிடம், 60 பவுண்டு. நான்கையும் சேர்த்து எடுத்தால் 200. ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னபோது அம்மா மனக்கணக்காகவே ரூபாய்க்கு மாற்றிவிட்டாள். "ஏட்டி, பேசப் படிக்கவா இருவத்து மூவாயிரம்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்போது நான் ஏழு நேர்காணல் முடித்து ஏழிலும் தோற்றிருந்தேன். முதுநிலைப் படிப்பு முடித்ததும் இங்கேயே தங்கி வேலை தேட எனக்குக் கொடுத்த கிராஜுவேட் விசா இரண்டு வருடம். அதில் பதினோரு மாதம் போய்விட்டது. ஒவ்வொரு தோல்விக்கும் வந்த விளக்கம் ஒரே அச்சு: தரவுப் பகுப்பாய்வில் நல்ல அறிவு, தகவல் பரிமாற்றத்தில் தெளிவு போதாது. என் 28ஆவது வயதில், போன வருடம்தான், ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

தெளிவு போதாது என்றால் எப்படி என்று இரண்டு உதாரணம். "எங்கள் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்ததா?" என்று சிரித்தபடி ஓர் அம்மா கேட்டார். எந்த பஸ், எந்த நிறுத்தம், சாலை வேலைக்காக நிறுத்தத்தை எங்கே மாற்றியிருக்கிறார்கள், அந்த அறிவிப்பு ஏன் தப்பான பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று நான்கு நிமிடம் சொன்னேன். "சுலபம், நன்றி" என்பதுதான் அதற்குப் பதில் என்று எனக்கு இப்போது தெரியும். இன்னொரு இடத்தில், "நீங்கள் ஒரு சிக்கலைத் தீர்த்த சமயத்தைப் பற்றிச் சொல்ல முடியுமா?" என்றார்கள். "முடியும்" என்றேன். அவர்கள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

ஊரில் இந்தத் தொல்லை இல்லை. கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுத்தவர் எல்லாவற்றையும் மனப்பாடமாகவே தந்துவிட்டார். கதவைத் தட்டு, "மே ஐ கம் இன் சார்", உட்காரச் சொன்னால் உட்கார், பெயர், சொந்த ஊர், அப்பா என்ன வேலை, பலம் கடின உழைப்பு, பலவீனம் எதிலும் கச்சிதம் பார்ப்பது. நூறு பேரும் அதையே சொன்னோம், கேட்டவர்களும் அதையே எதிர்பார்த்தார்கள். என்னைப் போன்ற மூளைக்கு அது சொர்க்கம். பாடத்திட்டம் மாறாத பரீட்சை. நான் ஒரே முயற்சியில் தேறினேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம். பணம் கட்டிய அன்றே வந்த மின்னஞ்சலுக்குத்தான் அந்த அரை மதிப்பெண். பயிற்சியாளரின் புகைப்படம், கட்டடத்தின் வாசல் புகைப்படம், படிக்கட்டு எந்தப் பக்கம், அறையில் எத்தனை பேர் இருப்பார்கள், முதல் வகுப்பில் என்னென்ன நடக்கும் என்று பத்து நிமிடக் கணக்கில் ஓர் அட்டவணை. கேமரா பிடிக்குமா, ஃபோன் பிடிக்குமா, எழுத்தில் பேசுவது பிடிக்குமா என்றுகூடக் கேட்டிருந்தார்கள். இந்த நாட்டில் என்னிடம் யாரும் அதற்கு முன் கேட்காத கேள்வி. அந்த நம்பிக்கையோடு போய்ப் படியேறினால், அறை மூலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், ம்ம்ம்ம் என்று. சத்தம் தாங்காதவர்களுக்கு நடத்தும் வகுப்பில் ஃபிரிட்ஜ். நான் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளி வீட்டுச் சாமானைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள்.

முதல் வகுப்பு, சூழல், பணி, செயல், விளைவு என்ற நான்கு படிக்கட்டு. இங்கே இதை ஸ்டார் முறை என்பார்கள். பிரிட்டனில் வேலை தேடும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இலவசமாக ஆயிரம் இடத்தில் கிடைக்கிறது, இதற்கு 50 பவுண்டு அதிகம். ஆனால் ஒரு விஷயம் அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் பேசப் பேசப் பயிற்சியாளர் தாளில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எண்ணிக் காட்டினார்: ஆறு நிமிடத்தில் பதினான்கு "நாங்கள்". "நாங்கள் தரவைச் சுத்தம் செய்தோம், நாங்கள் அறிக்கை கொடுத்தோம்." யார் அந்த நாங்கள் என்றார். யோசித்தால், நான்தான். சென்னை அலுவலகத்தில் மூன்று வருடம் அந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்தது நான். ஆனால் "நான் செய்தேன்" என்று சொல்ல நாக்கு வரவில்லை. தற்பெருமை பேசுகிறவளை எங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். இங்கே நேர்காணல் செய்பவர்கள் ஒவ்வொரு பதிலுக்கும் தாளில் மதிப்பெண் போடுகிறார்கள். "நாங்கள்" என்றால் அது யார் கணக்கிலும் சேராது.

இதில் எனக்கும் பயிற்சியாளருக்கும் ஒரு தகராறு. கேள்விக்கு நேரே பதில் வராமல் நான் எங்கோ தொடங்குவதை ஏடிஹெச்டியின் அடையாளம் என்றார். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் பாளையங்கோட்டையில் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டாலே, "நீங்க எந்த ஊரு?" என்றுதான் பதில் தொடங்கும். பின்கதை சொல்லாமல் விஷயத்துக்குள் குதிப்பது மரியாதைக் குறைவு. என் பேச்சில் எது மூளை, எது திருநெல்வேலி என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. அவருக்கு எல்லாமே மூளையாகத் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போவதாக இருந்தால் இதை எதிர்பார்த்துப் போங்கள். விசா பற்றியும் அவருக்கு ஒன்றும் தெரியாது. "உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் வேண்டுமா?", அதாவது வேலை விசாவுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டபோது, அதை நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் கேளுங்கள் என்றார். நான் பயப்படுவதே அந்தத் துறைக்குத்தான்.

இரண்டாவது வகுப்பு தண்டம். அதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி, எப்போது தலையாட்டுவது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை சிரிப்பது. கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் மூக்குத்தண்டைப் பாருங்கள், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்றார். நான் கண்ணைப் பார்க்காதது ஊரில் யார் கண்ணிலும் படவில்லை. பெரியவர்கள் முன்னால் தலை நிமிராத அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பள்ளியில் அதற்காகவே பாராட்டியிருக்கிறார்கள். அதே குனிந்த தலை இங்கே குறிப்பேட்டில் "ஈடுபாடு இல்லை" என்று ஏறுகிறது. மறு வாரம் ஒரு நிறுவனத்தில் எட்டாவது நேர்காணல். மூக்குத்தண்டைப் பார்த்தேன். மிகக் கவனமாகப் பார்த்தேன். அந்த மூக்கை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். கேள்வியின் பின்பாதி காதில் விழவில்லை.

இதைத் திரும்பிப் போய்ச் சொன்னேன். பயிற்சியாளர் முகம் சுளிக்கவில்லை, அதை அவர் பெருமைக்குச் சொல்ல வேண்டும். ஓர் அச்சுத் தாளை எடுத்துத் தந்தார். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012இல் எழுதியது: ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுவது இருபக்கத்துத் தடுமாற்றம், ஒரு பக்கத்தின் குறை என்று அதைச் சொல்ல முடியாது என்கிற வாதம். மில்டனுக்கே ஆட்டிசம் உண்டு. "அப்படியானால் போன வாரம் ஏன் என்னை மட்டும் மூக்கைப் பார்க்கச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். நிறைய பேர் கேட்டு வருகிறார்கள், அதனால் வைத்திருக்கிறோம் என்றார். கடைக்காரர் பதில். நேர்மையான பதிலும்கூட.

இனி மூன்றாவது வகுப்பு.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பது நான் பிறந்ததிலிருந்து கேட்ட வாக்கியம். ஹாஸ்டல் அறையில் டியூப்லைட் மினுக்குகிறதா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கல்யாண வீட்டு மைக்செட் காதைப் பிளக்கிறதா, ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலும் அதே சொல் இருக்கிறது: ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட், நியாயமான மாற்றங்கள். அங்கே அட்ஜஸ்ட் பண்ண வேண்டியவர் முதலாளி. அந்த வாக்கியத்தில் எழுவாய் மாறியதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. வேலையில் சேர்ந்த பிறகுதான் இந்த உரிமை என்று நினைத்திருந்தேன். விண்ணப்பிக்கிறவருக்கும், நேர்காணலுக்கும் உண்டு. வேலையைக் கையில் கொடுக்கும் முன் உடல்நலம், குறைபாடு பற்றி அவர்கள் பொதுவாகத் துருவிக் கேட்கக் கூடாது. நேர்காணலுக்கு ஏதாவது ஏற்பாடு வேண்டுமா என்று கேட்கலாம். இந்தச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு. வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம்.

அந்த வகுப்பின் வேலை, ஒரு கடிதம் எழுதுவது. முதலில் நானே எழுதிக்கொண்டு போனேன், இரண்டு பக்கம், பள்ளியில் எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சரிலிருந்து தொடங்கி. பயிற்சியாளர் பேனாவை எடுத்தார். "மன்னிக்கவும்" ஐந்து இடத்தில் இருந்தது, ஐந்தையும் அடித்தார். "தங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு" போயிற்று. டீச்சர் போனார். ஒன்பது வரி மிஞ்சியது. கேள்விகளை ஒரு நாள் முன்னால் எழுத்தில் அனுப்ப முடியுமா, முடியாவிட்டால் நேர்காணலுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு தாளில் கொடுங்கள். இரண்டு கேள்வியை ஒன்றாகச் சேர்க்காமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குறிப்புத் தாளைப் பார்த்துப் பேசுவேன். யோசிக்கும்போது ஜன்னலைப் பார்ப்பேன், அப்போது நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எத்தனை பேர் இருப்பார்கள், பெயர் என்ன. ஒவ்வொன்றுக்கும் அரை வரியில் காரணம்.

அந்த "முடியாவிட்டால்" அவருடைய சேர்க்கை. முதல் கோரிக்கையை மறுக்கிற கை இரண்டாவதைக் கொடுத்துவிடும் என்றார். பேரம் பேசுவதில் திருநெல்வேலிக்காரிக்கே பாடம் எடுத்தார். பட்டியலில் "அமைதியான அறை" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "அமைதி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. ஃபேன் ஓடக் கூடாதா, கதவு மூடியிருக்க வேண்டுமா, அதைச் சொல்லுங்கள்" என்றார். மூலையில் ஃபிரிட்ஜ் ம்ம்ம்ம் என்றது.

ஆட்டிசம், ஏடிஹெச்டி என்று பெயரை எழுதுவதா வேண்டாமா என்று அரை வகுப்பு போனது. அவர் கட்சி: பெயர் போடாமல் தேவையை மட்டும் எழுதினாலும் பல இடங்களில் செய்து தருவார்கள், ஆனால் மறுத்தால் சண்டை போடுவதற்கு, எனக்கு என்ன இருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் போட்டேன். விண்ணப்பப் படிவத்தில் மாற்றுத்திறன் பெட்டியில் டிக்கும் போட்டேன். 'டிஸெபிலிட்டி கான்ஃபிடென்ட்' என்ற அரசுத் திட்டத்தின் முத்திரை இருக்கும் விளம்பரங்களில், குறைந்தபட்சத் தகுதி இருந்தால் நேர்காணலுக்கே அழைப்பு கிடைக்க அந்த டிக் உதவும். அம்மாவுக்குத்தான் தூக்கம் போனது. "அங்க டிக் போட்டுக்கோ. இங்க யார்ட்டயும் சொல்லிராத, நாளைக்கு ஒனக்கு மாப்ள பாக்கணும்." நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். சட்டம் வந்து மாப்பிள்ளை பார்க்குமா என்றாள்.

அந்தக் கடிதத்தை மூன்று இடத்துக்கு அனுப்பினேன். ஒரு நகராட்சி அன்று மாலையே பதில் போட்டது: இப்போதெல்லாம் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் கேள்விகளை முன்னாலேயே அனுப்புகிறோம், உங்களுக்கு நாளைக் காலை வரும். ஒரு மருத்துவமனையிலிருந்து ஓர் அம்மா அழைத்து, பட்டியலில் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை, "தண்ணீர்" என்றேன். மூன்றாவது ஒரு தனியார் நிறுவனம். "நாங்கள் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறோம்" என்று இரண்டே வரி.

இங்கேதான் 50 பவுண்டு வசூலானது. வகுப்பு முடிந்து ஒரு வாரம் ஆகியும், மின்னஞ்சலைப் பார்த்த பயிற்சியாளர் காசு கேட்காமல் பதில் எழுதித் தந்தார். ஒரே மாதிரி நடத்துவதால் ஒருவர் பின்தங்கிப் போகிறார் என்றால் அந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்வதே சட்டம். கூடவே ஒரு வழக்கையும் சொன்னார், எனக்குத் தைரியம் வருவதற்காக. அரசின் சட்டப் பணிக்கு விண்ணப்பித்த ஒரு பெண், ஆட்டிசத்தில் ஒரு வகையான அஸ்பெர்கர் உள்ளவர். முதல் சுற்றே கணினித் தேர்வு: ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, சில விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. விடைகளைச் சொந்த வார்த்தையில் சுருக்கமாக எழுதித் தருகிறேன் என்று கேட்டார், மறுத்தார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் 2017இல் அவர் பக்கம் முடிந்தது. இழப்பீடு 860 பவுண்டு. வழக்கு போட்டுப் பணக்காரர் ஆகலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள் என்பதற்காக அந்தத் தொகையையும் எழுதுகிறேன். சட்டத் துறையே சட்டத்தில் தோற்றது என்பதை நினைத்தால் மட்டும் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அந்தத் தனியார் நிறுவனம் கடைசியில் பதினைந்து நிமிடம் முன்னால் கேள்வித் தாளைக் கொடுத்தது. பிறகு தாளில் இல்லாத மூன்று கேள்வியையும் கேட்டது. அங்கே வேலை கிடைக்கவில்லை, வருத்தமும் இல்லை.

நான்காவது வகுப்பு ஒத்திகை. வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். பயிற்சியாளர் அதற்குள் எனக்குப் பழகிவிட்ட முகம். பழகிய முகத்திடம் நான் நன்றாகத்தான் பேசுவேன், என் பிரச்சினையே பழகாத மூன்று முகங்கள். பயிற்சி நிலையத்தின் இன்னொரு ஆளையோ, கீழே காபிக் கடைக்காரரையோ அழைத்து உட்கார வைத்திருந்தாலே பயன் இருந்திருக்கும். வீடியோவில் ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன்: கேள்வி முடிந்து நான் யோசிக்கும் இடைவெளி, எனக்கு அரை நிமிடம் போலத் தோன்றுவது, கடிகாரத்தில் ஐந்து விநாடிதான். இந்தப் பயிற்சியைக் காசில்லாமலும் செய்யலாம். ஜான் லூயிஸ் கடைக்காரர்கள் தங்கள் நேர்காணல் கேள்விகளையே எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசுப் பணிக்கு எந்தப் பதவிக்கு எந்த நடத்தையை எதிர்பார்க்கிறார்கள் என்பதும் படிநிலை வாரியாக வெளிப்படையாகவே இருக்கிறது. ஒரு தோழியையும், அவளுக்குத் தெரிந்த உங்களுக்குத் தெரியாத இரண்டு பேரையும் பிடித்து உட்கார வையுங்கள். பிரியாணி போட்டால் வருவார்கள். 50 பவுண்டுக்குள் அடங்கும்.

வேலை நகராட்சியில் கிடைத்தது, ஒரு வருட ஒப்பந்தம். பயிற்சியால்தான் கிடைத்ததா? கேள்விகளை எல்லோருக்கும் முன்னாலேயே அனுப்பும் இடத்தில் என் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் நேர்காணல் அன்று மூன்று பேரில் ஒருவர் ஆரம்பத்திலேயே, "ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டிருக்கிறோம், யோசிக்க வசதியாக" என்றார். வேலை தேடத் தொடங்கிய பிறகு நான் முதல்முறையாக மூச்சுவிட்டுப் பேசிய அரை மணி நேரம் அது. "நாங்கள்" இரண்டு முறைதான் வந்தது. எண்ணினேன்.

ஆக, போகிறவர்களுக்கு: தொகுப்பாக எடுக்காதீர்கள். கடிதத்துக்கு மட்டும் ஒரு வகுப்பு என்று கேட்டால் தருகிறார்கள், 60 பவுண்டு, இதை விலைப் பட்டியலில் போடவில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். மூக்குத்தண்டு வகுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காலை நேரம் கேளுங்கள், மதியத்துக்கு மேல் கீழேயிருந்து காபி அரைக்கும் சத்தம் ஏறி வருகிறது.

அப்புறம் அந்த ஃபிரிட்ஜ். நான்காவது வகுப்பில், ஒத்திகை தொடங்கும் முன், "அதைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க முடியுமா, முடியாவிட்டால் நாம் வெளியே வராந்தாவில் உட்காரலாமா?" என்று கேட்டேன். பயிற்சியாளர் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பால் கெட்டுப் போகாதா என்றேன். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது என்றார்.